நினைவும் திரிபும்

உலகின்கண் மக்கள் ஒருவரோடொருவர் கொண்டும் கொடுத்தும் வாழும் வாழ்க்கையெல்லாம் நினைவின்மேல் நிற்கின்றது. கடன் கொடுத்தோன் கொடுத்த பொருளை நினைக்கின்றான். மாணவன் கற்ற பாடத்தை நினைக்கின்றான். வழக்குமன்றத்துக் கூண்டில் ஏறிய சாட்சி தான் கண்டதை நினைந்து கூற, அச்சொல்லால் ஒருவன் சிறை புகுகின்றான், மற்றொருவன் வீடு செல்கின்றான். இத்துணைப் பெருஞ்சுமையைத் தாங்குகின்ற நினைவு எத்தன்மைத்து என்னும் வினா மிகப் பழையது. ஆயின், அதனை அளந்தும் ஆய்ந்தும் விடைகாணும் முயற்சி தோன்றி ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டே ஆகின்றது.

பழைய நூலோர் பலர் நினைவை ஒரு கொள்கலமாகவே கருதினர். கிரேக்க மெய்ந்நூலாசிரியராகிய பிளேட்டோ, தமது தியேட்டீட்டஸ் என்னும் உரையாடல் நூலில், உள்ளத்தை மெழுகுக் கட்டிக்கு ஒப்பிட்டார். முத்திரை மோதிரத்தின் வடிவு மெழுகிற் பதிவது போலக் கண்டவும் கேட்டவும் உள்ளத்திற் பதியும் என்பது கருத்து. அவர்தாமே அவ்வுவமையை முடிந்த முடிபாகக் கொண்டிலர். அந்நூலிலேயே அதனை விடுத்து வேறோர் உவமையை நாடிச் சென்றனர். ஆயினும் பின்னுள்ளோர் மெழுகையே பற்றிக்கொண்டனர். கி. பி. 400-ஐ அடுத்து வாழ்ந்த அகஸ்தீன் என்னும் கிறித்தவப் பெரியார் நினைவை அகன்றதொரு மாளிகையாக உருவகித்தார். மெழுகாயினும் மாளிகையாயினும் உவமையின் உட்கிடை ஒன்றே: வைத்த பொருள் வைத்தவாறே இருக்கும், எடுக்க இயலாமையே குறையாவது. இவ்வுவமையை உண்மையென்று நம்பியதனால் விளைந்த கேடுகளை இக்கட்டுரையின் பிற்பகுதியிற் காண்பாம்.

நம் நாட்டுத் தருக்க நூலார் இவ்விடத்து மிக விழிப்பாக இருந்தனர் என்பது குறிக்கத்தக்கது. அன்னம்பட்டர் இயற்றியதும் சிவஞான முனிவரால் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டதுமாகிய தருக்க சங்கிரகம், அறிவை நினைவு என்றும் அனுபவம் என்றும் முதற்கண்ணே இரண்டாகப் பகுக்கின்றது. முன்னை அனுபவம் விட்டுச்சென்ற வாசனை மாத்திரையானே பிறக்கும் அறிவு நினைவு எனப்படும். அளவைகளாற் பெறப்படும் உண்மையறிவு அனுபவத்தின் பாற்பட்டதேயன்றி நினைவின் பாற்பட்டதன்று. அன்றியும், நினைவுதான் உண்மை நினைவு, பொய்ந்நினைவு என இருவகைப்படும் என்றும் அந்நூல் கூறும். ஒருவன் மனமறிந்து பொய் சொல்லாதபோதும் அவன் நினைவு பொய்யாதல் கூடும் என்பதை ஒரு வரியில் அடக்கிவைத்த அந்நுட்பம், மேலைநாட்டு நீதிமன்றங்களுக்கு எத்துணை விலை கொடுத்துக் கற்கவேண்டிய பாடமாயிற்று!

நினைவை வளர்க்கும் கலையின் தோற்றத்தைப் பற்றி ஒரு பழங்கதை வழங்குகின்றது. கியோஸ் என்னும் தீவிற் பிறந்த சைமனைடீஸ் என்னும் புலவர் கி. மு. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர். அவர் தெசலி நாட்டுச் செல்வன் ஸ்கோபாஸ் என்பவனுடைய விருந்திற் கலந்துகொண்டார். வெளியே இருவர் அழைக்கின்றனர் என்று கேட்டு அவர் எழுந்து சென்ற அளவில், மண்டபத்தின் கூரை இடிந்து வீழ்ந்து உள்ளிருந்தார் அனைவரும் மாண்டனர். உடல்கள் இன்னார் இன்னாருடையவென்று உறவினர்க்கும் அடையாளம் தெரியாதபடி சிதைந்து கிடந்தன. புலவரோ, எவரெவர் எவ்வெவ்விடத்து அமர்ந்திருந்தனர் என்பதை மனக்கண்ணாற் கண்டு ஒவ்வொருவரையும் சுட்டினார். இடமும் உருவும் நினைவிற்குத் துணையென்பதை அவர் அதனாற் கண்டறிந்தார் என்று உரோம நாட்டுச் சிசரோ, கி. மு. 55-இல் எழுதிய நாவன்மை நூலிற் கூறுகின்றார்.

இக்கதையிலும் ஒரு வேடிக்கை உளது. சிசரோவிற்குப் பின் வந்த குவின்டிலியன் என்னும் ஆசிரியர், விருந்து நிகழ்ந்த வீடு எவ்வூரினது, புலவர் பாடிய வெற்றிப்பாட்டு எவ்வீரனைக் குறித்தது என்பவற்றில் முன்னோர் ஒருவரோடொருவர் மாறுபடுவதை எடுத்துக்காட்டினார். வெளியே நின்று அழைத்தவர் தேவர் இருவர் என்னும் பகுதி வெறுங்கட்டுக்கதை என்றும், அவ்வளவு பெரிய நிகழ்ச்சியைப் புலவர் தம் பாட்டில் யாண்டும் குறித்திலர் என்றும் அவர் கூறினார். நினைவுக்கலையின் பிறப்பைச் சொல்லும் கதையே நினைவிற் பலவாறு திரிந்து வந்துள்ளது.

கதை எவ்வாறாயினும் கலை மெய்யானது. நன்கறிந்த ஒரு வீட்டையோ தெருவையோ உள்ளத்தில் நிறுத்தி, நினைக்கவேண்டிய பொருள்களை அதன்கண் வாயில், தூண், மாடம் என முறையே வைத்து, பின்னர் மனத்தால் அவ்வழியே நடந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வது அதன் முறை. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நினைவுப் பயிற்சி முன்னறியாதார் நாடோறும் அரைமணி நேரமாக 40 நாள் இம்முறையைப் பயின்றனர். தொடக்கத்தில் 72 சொற்களுள் சராசரியாக 26 சொற்களையே திருப்பிக் கூறிய அவர்கள், பயிற்சியின் முடிவில் 62 சொற்களைக் கூறினர். அதற்கு முன் 2003-இல் இலண்டன் நகரத்து அறிஞர் நினைவுப் போட்டிகளில் வல்லார் சிலரை ஆய்ந்தபோது, அவர்தம் பொது அறிவோ மூளையின் அமைப்போ பிறரினும் மேம்பட்டதாகக் காணப்படவில்லை. அவருட் பெரும்பாலார் இடமுறையைக் கைக்கொண்டிருந்தனர். ஆகவே நினைவாற்றல் பிறவிக்கொடை மாத்திரமன்று, கைவினையும் ஆகும். மருந்துண்டு நினைவு பெருக்கலாம் என்று கூவி விற்பார் பலர் உளராயினும், அவர் கூற்றுக்கு இத்தகைய சான்று காண்டல் அரிது.

தமிழகத்தில் அவதானக் கலை இவ்வுண்மைக்கு நேர்ச்சான்றாக விளங்கிற்று. நாகர்கோயிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இற் பிறந்த செய்குதம்பிப் பாவலர், 1907-இற் சென்னையில் அறிஞர் அவைமுன் நூறு செயல்களில் ஒருங்கே கருத்தூன்றும் சதாவதானத்தை நிகழ்த்திக் காட்டினார். ஈற்றடி கொடுத்து வெண்பா வேண்டுவார், கணக்கு வினவுவார், முதுகில் எறியப்படும் நெல்லையோ மலரையோ எண்ணச் சொல்வார் என வினவுவார் பலர் இடையிடையே புகுந்து கலைக்க, எல்லாவற்றையும் உள்ளத்தில் வெவ்வேறிடத்து நிறுத்தி இறுதியில் முறை பிறழாது விடையிறுத்தல் அவதானியின் தொழில். இஃது உள்ளத்தை வெறும் மெழுகாக விட்டிருப்பாற்கு இயல்வதன்று. அதனைக் கட்டிடம்போலக் கட்டிக்கொண்டாற்கே இயல்வது.

இனி, நினைவை முதன்முதல் எண்ணால் அளந்தவர் செர்மானிய நாட்டு எர்மன் எபிங்ஹாஸ் ஆவர். அவர் பொருளற்ற அசைகள் ஏறக்குறைய 2300 அமைத்து, அவற்றை வரிசைகளாக்கித் தாமே மனனஞ்செய்து, மறந்தபின் மீளக் கற்பதற்கு எவ்வளவு நேரம் குறைகின்றது என்று கடிகாரம் வைத்துக் கணக்கிட்டார். ஆய்வதும் அவரே, ஆயப்படுவதும் அவரே. ஆண்டுக்கணக்காக இப்பயனில் ஓசைகளை உருப்போட்ட அவர் பொறுமையை எண்ணுந்தோறும் வியப்பே மிகுகின்றது. 1885-இல் அவர் வெளியிட்ட நூலின்படி, 20 நிமிடம் கழித்து மீளக் கற்கையில் 58 விழுக்காடு உழைப்பு மிச்சமாயிற்று. ஒரு மணி கழித்து 44. ஒரு நாள் கழித்து 34. 31 நாள் கழித்து 21. மறதி முதலில் வெள்ளம்போற் பாய்ந்து, பின்னர் ஊற்றுப்போல் மெல்லக் கசியும் என்பது இதனாற் பெறப்பட்டது. ஓர் அசைவரிசையை ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களிற் பகுத்து 38 முறை ஓதியே அவர் பெற்றார். தேர்வுக்கு முன்னாளிரவு முழுதும் கண்விழித்துப் படிக்கும் மாணவர் இக்கணக்கை அறிவாராக. அன்றியும் பொருளுடைய செய்யுளை மனனஞ்செய்ய அசைவரிசைக்கு வேண்டியதிற் பத்திலொரு பங்கு உழைப்பே போதுமானதாயிற்று.

பொருள் நினைவுக்குத் துணையென்பது இங்ஙனம் தெளிவாயிற்று. அப்பொருளே நினைவைத் திரிக்கவும் செய்யும் என்று காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து பிரடெரிக் பார்ட்லெட். வட அமெரிக்கப் பழங்குடியினரிடை வழங்கிய 'பேய்களின் போர்' என்னும் கதையை ஆங்கிலேயர் சிலர்க்குப் படிக்கக் கொடுத்து, சிறிது காலமும் நெடுங்காலமும் கழித்து அதனைத் திரும்ப எழுதச் செய்தார். கதையிற் கூறப்பட்ட மரத்தோணி அவர் எழுத்திற் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. இறந்துபடுவானுடைய வாயினின்றும் கரியதொன்று வெளிவந்தது என்ற புதிரான செய்தி, சிலர் எழுத்தில் வாயில் நுரை தள்ளியது என்றாயிற்று. பேய்கள் சிலர் கதையில் முற்றும் மறைந்தன. எழுதினார் ஒருவரும் வேண்டுமென்று மாற்றினாரல்லர். அயலதாய் விளங்காது நின்றதைத் தத்தம் நாட்டு வழக்கிற்கேற்ப விளங்கிக்கொள்ள அவருள்ளம் முயன்றது, அம்முயற்சியே புதுக்கதையை நெய்து தந்தது. 1932-இல் வெளிவந்த தமது நூலில், நினைத்தல் என்பது பழம்பதிவைத் திரும்ப எடுத்தலன்று, எஞ்சியுள்ள சில குறிப்புகளைக் கொண்டு மீளக் கட்டுதலே என்று பார்ட்லெட் முடிவு கூறினார்.

இங்ஙனமாயின், எழுதாமலே ஓதி வந்த நூல்கள் பன்னூறு ஆண்டு பிழையாது நின்றது எவ்வாறு என்று வினவலாம். வேதமோதுவார் தம் நினைவைத் தனியே நம்பி விட்டாரல்லர். தொடராக ஓதியதைப் பதம் பதமாகப் பிரித்தோதினர். பின் கிரமம் என்னும் முறையால் முதற்பதத்தை இரண்டாவதனோடும், இரண்டாவதனை மூன்றாவதனோடும் இணைத்தோதினர். சடை, கனம் என்பவற்றால் அவற்றையே முன்னும் பின்னுமாகத் திருப்பி ஓதினர். பதங்கள் தலைகீழாக வருமிடத்துப் பொருளோட்டம் அற்றுப்போகின்றது. பொருளோட்டம் அற்றவிடத்து, தன் மனம்போனவாறு பொருத்தமாக ஒரு சொல்லை இட்டு நிரப்பும் உள்ளத்தின் சூழ்ச்சிக்கு இடமின்றிப் போகின்றது. ஒருவர் தவறினும் உடனோதுவார் திருத்துவர். பார்ட்லெட் கண்ட நோய்க்கு அவர் பிறப்பதற்குப் பன்னெடுங் காலத்திற்கு முன்னரே கண்ட மருந்து இது. கதை சொல்வார்க்கு இத்தகைய காவல் இல்லை; ஆதலின் கதை ஊர்தோறும் உருமாறுகின்றது.

மறதியே இல்லாதான் நிலை எத்தகையது? உருசிய நாட்டு உளநூலறிஞர் அலெக்சாண்டர் லூரியா, ஷெரஷேவ்ஸ்கி என்னும் ஒருவரை ஏறக்குறைய 30 ஆண்டு ஆய்ந்து 1968-இல் ஒரு நூல் வெளியிட்டார். செய்தித்தாள் நிலையமொன்றில் வேலை பார்த்த ஷெரஷேவ்ஸ்கி, ஆசிரியர் இட்ட பணிகளை ஒருபோதும் குறித்துக்கொள்ளாமை கண்டு ஐயுற்ற அவ்வாசிரியரே அவரை ஆய்வுக்கு அனுப்பினார். எழுபது சொல்லோ எண்ணோ கொண்ட வரிசையை ஒருமுறை கேட்டு, முன்னிருந்தும் பின்னிருந்தும் அவர் கூறினார். 15, 16 ஆண்டு கழித்து வினவியபோதும் அவ்வாறே கூறினார். அவரும் சொற்களை உருவமாக்கி மாஸ்கோ நகரத் தெருவொன்றின் ஓரமாக வைத்துச் செல்பவரே. எப்போதேனும் ஒரு சொல் தவறுமாயின் அது மறதியாலன்று. வெண்சுவரின் முன் வைத்த முட்டை வெண்மையோடு வெண்மையாய்க் கண்ணுக்குத் தோன்றாது போயிற்று என்பார். மறுமுறை அவ்விடத்து விளக்கொன்றை மனத்தால் ஏற்றிக்கொள்வார்.

ஆயின் அவர் வாழ்க்கை எளிதாய் இருந்ததில்லை. ஒரு கதையைப் படிக்குங்கால் சொல்லுக்குச் சொல் உருவங்கள் மொய்த்தெழுந்து கதையின் பொருளை மறைத்தன. மனிதர் முகம் கணந்தோறும் மாறுவதாகத் தோன்ற, அறிந்த முகத்தை அடையாளம் காண்பதும் அவர்க்கு அரிதாயிற்று. அரங்குகளில் நினைவுத்திறம் காட்டிப் பிழைத்த நாளில், நேற்றைய பலகை எண்கள் இன்றைய எண்களோடு கலந்து வருத்தின. மறக்கவேண்டித் தாளில் எழுதி அத்தாளை எரித்தும் பார்த்தார்; கருகிய தாளிலும் எண்கள் தெரிந்தன. மறதியைக் குறையென்று மாத்திரம் பழிப்பார் இவர் வரலாற்றை ஓர்ந்து பார்த்தல் நன்று.

மூளையை ஆய்ந்தார் கண்டது இன்னும் வியப்பிற்குரியது. அமெரிக்கராகிய ஹென்றி மொலைசன் வலிப்பு நோயினின்று விடுபட, 1953-இல் தமது 27-ஆம் அகவையில், மூளையின் இருபுறத்தும் கடற்குதிரை வடிவாயுள்ள பகுதியும் அதனை அடுத்தனவும் நீக்கும் அறுவைக்கு உட்பட்டார். அன்று முதல் 2008-இல் இறக்குமளவும் புதிய நிகழ்ச்சியெதுவும் அவருள்ளத்தில் நிலைபெறவில்லை. சற்றுமுன் பேசியவரை மீண்டும் கண்டால் புதியவராகவே எண்ணினார். ஆயினும், கண்ணாடியிற் பார்த்து உருவம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் அவர் கை தேறிற்று. அப்பயிற்சி செய்ததே அவர்க்கு நினைவில்லை! செய்திநினைவு வேறு, கைப்பழக்கம் வேறு என்பதை பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் இவரைக்கொண்டு நிறுவினார்.

2000-ஆம் ஆண்டில் கரீம் நாடரும் அவர் துணைவரும் எலிகளைக்கொண்டு நடத்திய ஆய்வு மெழுகுவமைக்கு மற்றொரு பேரிடியாயிற்று. ஓர் ஒலியைக் கேட்டால் அஞ்சுமாறு பழக்கப்பட்ட எலிக்கு அவ்வொலியை மீண்டும் கேட்பித்து, அவ்வச்சம் எழுந்தவுடன், புதிய புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தை மூளையின் அச்சவுறுப்பில் இட்டனர். பின்னர் அவ்வொலிக்கு எலி முன்போல் அஞ்சவில்லை. ஒலியைக் கேட்பியாமல் மருந்து மாத்திரம் இட்ட எலிக்கோ பழைய அச்சம் மாறவில்லை. நிலைபெற்றுவிட்டதாகக் கருதிய நினைவு எழுப்பப்பட்ட அளவில் இளகி, மீண்டும் இறுகவேண்டியதாகின்றது என்பது இதனால் அறியப்பட்டது. இளகிய வேளையில் அதனுட் புறப்பொருள் புகுதலும் எளிது.

இத்தன்மைத்தாகிய நினைவைக்கொண்டே வழக்குமன்றங்கள் தீர்ப்புக் கூறி வருகின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஹியூகோ மூன்ஸ்டர்பர்க் 1908-இல் வெளியிட்ட நூலில் தமக்கே நேர்ந்ததை எழுதியுள்ளார். அவர்தம் நகரத்து வீட்டிற் கள்வர் புகுந்தனர். கள்வர் நிலவறைச் சாளரத்தின் வழியாக நுழைந்தனர் என்றும், மெழுகுவத்தித் துளிகளை மேன்மாடத்திற் கண்டதாகவும், கடிகாரத்தைத் தாளிற் பொதிந்து மேசைமேல் வைத்திருந்தனர் என்றும் அவர் மன்றத்தில் ஆணையிட்டுச் சான்று பகர்ந்தார். பின்னர்ப் பார்த்தால், கள்வர் புகுந்தது கதவின் பூட்டை உடைத்து. மெழுகு சிந்தியது மேன்மாடத்தன்று, அதற்கும் மேலுள்ள பரணில். கடிகாரத்தைப் பொதிந்தது மேசைவிரிப்பில். நினைவுத்திறத்தில் நம்பிக்கையுடைய உளநூலாசிரியர் நிலையே இஃதாயின் ஏனையோர் நிலை கூறவேண்டுவதின்று. ஆயினும் சட்டத்துறையினர் அந்நாளில் அவர் உரையை ஏற்கவில்லை. விக்மோர் என்னும் சட்டப்பேரறிஞர் 1909-இல் அவரை எள்ளி ஒரு கட்டுரையே வரைந்தார். மூன்ஸ்டர்பர்க் தமது கருத்தை மிகைபடக் கூறினார் என்பதும் ஓரளவு மெய்யே.

அறுபதாண்டிற்கு மேற்பட்டு, 1974-இல், எலிசபெத் லாப்டஸ் அம்மையாரும் ஜான் பாமரும் அவ்வாராய்ச்சியைப் புதுக்கினர். மோட்டார் வண்டிகள் முட்டிக்கொள்ளும் படத்தை மாணவர்க்குக் காட்டி, வண்டிகள் 'மோதி நொறுங்கியபோது' என்ன விரைவிற் சென்றன என்று சிலரையும், 'தொட்டபோது' என்ன விரைவிற் சென்றன என்று சிலரையும் வினவினர். முன்னையோர் கூறிய சராசரி மணிக்கு 40.8 மைல், பின்னையோர் கூறியது 31.8 மைல். கண்டது ஒன்றே, கேட்ட வினைச்சொல் மாத்திரம் வேறு. மற்றொருமுறை, ஒருவாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீரா என்று வினவியபோது, 'நொறுங்கிய' என்னும் சொல்லை முன்பு கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றனர். விரைவைப்பற்றி வினவப்படாதிருந்த 50 பேரில் 6 பேரே அங்ஙனம் கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

இவ்வாய்வுகள் வெறும் பள்ளியறை விளையாட்டல்ல என்பதற்கு ரொனால்டு காட்டன் வழக்கு சான்றாகும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், 1984-இல், கல்லூரி மாணவியொருத்தி தன் வீட்டில் நள்ளிரவிற் புகுந்தவனால் வன்கொடுமைக்கு ஆளானாள். உயிர் தப்பினால் இவனைத் தண்டனைக்கு உள்ளாக்குவேன் என்று உறுதிகொண்டு, அவ்விடரிடையும் அவன் முகத்தை அவள் உற்றுநோக்கினாள். காவலர் காட்டிய ஆறு நிழற்படங்களைப் பல நிமிடம் ஆராய்ந்து காட்டனுடைய படத்தைச் சுட்டினாள். நன்று செய்தாய் என்னும் பொருள்படக் காவலர் மொழிந்தனர். பின்னர் ஆட்களை நேரில் வரிசையாக நிறுத்தியபோதும் அவனையே சுட்டினாள். நிழற்படத்திலும் நேர்வரிசையிலும் ஒருங்கு இடம்பெற்றவன் அவன் ஒருவனே; அவள் கண்டறிந்தது அவ்விரவிற் கண்ட முகத்தையோ, நிழற்படத்திற் கண்ட முகத்தையோ? 1985-இற் காட்டன் வாழ்நாட் சிறை பெற்றான். சிறையில், அக்குற்றம் செய்தவன் தானே என்று பிறரிடம் கூறிக்கொண்ட மற்றொரு கைதியின் செய்தி வெளிப்பட, 1987-இல் நிகழ்ந்த மறுவிசாரணையில் அக்கைதியை அவள்முன் நிறுத்தினர். இவனை ஒருபோதும் கண்டதில்லை என்று அவள் தடையின்றிக் கூறினாள். காட்டன் மீண்டும் சிறை சென்றான்.

1995-இல் மரபணுச் சோதனை நிகழ்ந்தது. குற்றஞ்செய்தவன் அம்மற்றொரு கைதியே என்று தெளிந்தது. காட்டன் பத்தாண்டிற்கு மேற்பட்ட சிறைவாழ்வின் பின் விடுதலையுற்றான். அம்மாணவி பொய் கூறினாளல்லள். உண்மை வெளிப்பட்ட பின்னரும், அவ்விரவை நினைக்குந்தோறும் தன் உள்ளத்தில் எழுந்தது காட்டன் முகமே என்று அவள் கூறியதுதான் நெஞ்சை உருக்குவது. மெய்யான முகத்தின் இடத்தில் மற்றொரு முகம் குடிபுகுந்து, பழையதைச் சுவடின்றிப் போக்கிற்று. பின்னாளில் அவள் அவனைக் கண்டு மன்னிப்பு வேண்ட, அவன் மன்னித்தான். இருவரும் நண்பராகி, தம் வரலாற்றை 2009-இல் நூலாக வெளியிட்டனர்.

அமெரிக்காவில் மரபணுச் சோதனையாற் குற்றமற்றவரெனத் தெளியப்பட்டு விடுதலையுற்றோர் வழக்குகளில், பத்திற்கு ஏறக்குறைய ஏழில் இத்தகைய தவறான அடையாளங்காட்டல் பங்குகொண்டிருந்தது. சாட்சி ஐயமின்றிக் கூறுகின்றார் என்பதே அவர் சொல்லுக்கு வலிமையென நீதிபதிகள் நெடுங்காலம் கருதினர். ஆனால் 1998-இல் கேரி வெல்ஸ் என்பவரும் அவர் துணைவரும் ஆய்ந்தபோது, தவறான ஆளைச் சுட்டிய ஒருவரிடம், 'சரியானவனையே சுட்டினீர்' என்று கூறிய ஒரு வாய்மொழியே அவர்தம் உறுதியைப் பெருகச் செய்ததோடு, குற்றவாளியைத் தாம் நன்றாகப் பார்த்ததாகவும் பின்னோக்கி நினைக்கச் செய்தது. உறுதியும் நினைவைப்போற் கட்டப்படுவதொன்றே.

ஆதலின் சில இடங்களில் முறைகள் மாற்றப்பட்டன. நியூ ஜெர்சி மாநிலம் 2001-இற் புதுவிதிகள் வகுத்தது. 2011-இல் அதன் உச்சநீதிமன்றம், நினைவு எவ்வாறெல்லாம் திரியும் என்பதை நடுவர் குழுவினர்க்கு எடுத்துக்கூறுமாறு கட்டளையிட்டது. நிழற்பட வரிசையைக் காட்டும் காவலர், ஐயத்திற்குரியவன் இன்னானென்று தாமே அறியாதவராதல் வேண்டும். அவ்வரிசையிற் குற்றவாளி இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சிக்கு முன்னரே உரைத்தல் வேண்டும். எவரேனும் ஒருவரைச் சுட்டியவுடன், பிறர் ஒரு சொல்லும் கூறுதற்கு முன், தமக்குள்ள உறுதி எத்துணைத்து என்று சாட்சி தம் வாய்ச்சொல்லாற் கூறியதை அவ்வண்ணமே எழுதிக்கொள்ளல் வேண்டும்.